மணமின்றி வாழும் மகளிர் – ஓர் அறநோக்கு



அறத்தை இல்லறம், துறவறம் என இரண்டாக வகுத்தனர் நம் முன்னோர். இவ்விரண்டு ஏடுகளுள் எதிலும் பெயர் எழுதப்படாதவராக நம் வீடுகளிலேயே வாழ்ந்து வருவோர் சிலர் உளர். அவர்கள் மணம் செய்துகொள்ளாத மகளிர். அவர்கள் கழுத்தில் தாலியும் இல்லை. கையில் மயிற்பீலியும் இல்லை. ஆலயத்தில் நம்மோடு நின்று வணங்குகின்றனர்; நம் பிள்ளைகளை வளர்க்கின்றனர்; நம் பெற்றோரின் இறுதி நாட்களில் அருகிருந்து பணி செய்கின்றனர். ஆயினும், குடும்பத்தில் அவர்களுக்குரிய இடம் யாது என்று வினவினால் விடை கூறத் தயங்குகிறோம்.

இவர்களைப் பற்றிய சமூகத்தின் பார்வை எவ்வாறு மாறி வந்தது, நம் அறநூல்களும் கல்வெட்டுகளும் இது பற்றி யாது காட்டுகின்றன, நாம் இன்னும் மாற்றிக்கொள்ள வேண்டியது யாது என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் நோக்குவோம். முப்பத்தாறு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற பழக்கத்தால் பாடம் நடத்துவது போலவே எழுத வருகிறது, வாசகர் பொறுத்தருள்க.

1. சொற்களைச் சோதித்தல்

ஆசிரியப் பயிற்சியின்போது நமக்குச் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்று உண்டு. மாணவர் எந்தச் சொல்லைக் கையாளுகிறார் என்று கவனித்தால் அவர் எப்படி எண்ணுகிறார் என்பது விளங்கும் என்பதே அது. அதனை நம் பேச்சுக்கே பொருத்திப் பார்ப்போம்.

“பெண்ணைக் கரையேற்றிவிட்டோம்” என்கிறோம். மணமாகும்வரை அவள் வெள்ளத்தில் தத்தளித்தாள் என்பது இதன் பொருள். “பாரம் இறங்கிவிட்டது” என்கிறோம். அவள் அதுவரை சுமையாக இருந்தாள் என்பது இதன் பொருள். மணமாகாதவளை “வீட்டோடு தங்கிவிட்டாள்” என்கிறோம். புறப்பட வேண்டியவள் புறப்படவில்லை என்று குறைகூறும் தொனி அதில் உண்டு. “முதிர்கன்னி” என்னும் சொல் ஒரு காலத்தில் கதைகளிலும் புதுக்கவிதைகளிலும் மிகுதியாக வழங்கிற்று. பரிவுடன் எழுதியவர்களே அதனைப் பெரிதும் கையாண்டனர். ஆனால், பரிவிலும் ஒரு பழிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மணம் செய்துகொள்ளாத ஆடவரைக் “கட்டைப் பிரமசாரி” என்கிறோமே எனலாம். அச்சொல்லைக் கூறுவோரும் கேட்போரும் சிரிக்கின்றனர். முன்னைய சொல்லைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை, பெருமூச்சு விடுகின்றனர். வேற்றுமை அங்கே இருக்கிறது.

நம்முடன் பணியாற்றிய தமிழாசிரியை ஒருவரின் பணிநிறைவு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடக் கொடுத்தோம். பெயருக்கு முன் ‘செல்வி’ என்று எழுதியிருந்தோம். அச்சகத்தார், “ஐம்பத்தெட்டு வயதுக்குச் செல்வி என்று போட்டால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? திருமதி என்றே போட்டுவிடலாமா?” என்று கேட்டார். அருகிலிருந்த அந்த அம்மையார், “இரண்டும் வேண்டா, புலவர் என்று போடுங்கள். அது நான் படித்துப் பெற்றது” என்றார். அன்று நாமும் ஒரு பாடம் கற்றோம்.

2. புராணங்கள் காட்டும் மகளிர்

ஆதிபகவனாகிய விருஷப தேவருக்குப் பிராமி, சுந்தரி என இரு புதல்வியர். தந்தை தம் இருபுறமும் அவர்களை அமர்த்திப் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று, ஜினசேனாசாரியர் 9ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஆதிபுராணம் கூறுகிறது. புதல்வர்களாகிய பரதனுக்கும் பாகுபலிக்கும் பிற கலைகளைக் கற்பிக்குமுன்னரே பெண்மக்கள் இருவருக்கும் எண்ணும் எழுத்தும் வழங்கப்பெற்றன. இவ்விருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. தந்தையின் சமவசரணத்தில் துறவு பூண்டு ஆர்யாங்கனைகளாயினர். எழுத்தறிவித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், அவர்கள் மணமின்றி வாழ்ந்தனர் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம்.

இராஜிமதியின் வரலாறு வேறு வகையானது. அவருக்கும் நேமிநாதருக்கும் மணம் உறுதி செய்யப்பட்டிருந்தது. மண விருந்துக்காக அடைக்கப்பட்டிருந்த உயிர்களின் அவலத்தைக் கண்ட நேமிநாதர், மணக்கோலத்திலேயே திரும்பி ஊர்ஜயந்தகிரி நோக்கிச் சென்றார். மணம் நின்றுபோன பெண் என்று இராஜிமதியை எவரும் இகழ்ந்ததாக நூல்கள் கூறவில்லை. வேறு மணம் பேச முற்பட்டோரை மறுத்துத் தாமும் தவநெறியை ஏற்றார். நம் ஊர்களில் நிச்சயித்த மணம் நின்றுபோனால், குற்றம் யாருடையதாயினும் பழி பெண்ணின் மேலேயே விழுகிறது. இராஜிமதியைப் போற்றுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வர்த்தமான மகாவீரரின் சங்கத்தில் 36,000 ஆர்யாங்கனையர் இருந்தனர் என்பர். அவர்களுக்குத் தலைவியாய் விளங்கியவர் சந்தனா. அவரும் மணம் செய்துகொள்ளாதவரே.

அனந்தமதியின் கதை நம் கருத்துக்கு மிகவும் நெருக்கமானது. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அவாவின்மை என்னும் அங்கத்துக்குச் சான்றாகக் காட்டப்படுபவர் அவர். சிறுமியாயிருந்தபோது, எட்டு நாள் நோன்புக்காகப் பெற்றோர் பிரமசரிய விரதம் ஏற்க, தந்தை விளையாட்டாக மகளையும் ஏற்கச் செய்தார். பருவம் வந்ததும் மணம் பேசினர். “நான் விரதம் ஏற்றவள் அல்லவா?” என்றாள் மகள். “அது விளையாட்டுக்குச் சொன்னது, எட்டு நாளுக்கு மட்டும்” என்றார் தந்தை. “விரதத்தில் விளையாட்டு உண்டோ? எட்டு நாள் என்று அப்போது சொல்லவில்லையே” என்பது அவள் மறுமொழியின் கருத்து. தந்தை அவளை வற்புறுத்தவில்லை. மகளின் சொல்லுக்கு அவர் அளித்த மதிப்பை இக்கதையில் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. கல்வெட்டுகள் காட்டும் மகளிர்

புராணம் பழங்கதை என்பாருக்குத் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் விடை தரும். கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ்ப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ‘குரத்தியர்’ எனப்படும் பெண் ஆசிரியர் பலர் குறிக்கப்படுகின்றனர். குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. திருச்சாரணத்துக் குரத்திகள் போன்றோர் ஊர்ப் பெயராலும் ஆசிரிய மரபாலும் அறியப்பட்டனர். இன்னார் மாணாக்கியர் என்பதே அவர்களுக்கு அடையாளமாயிற்று.

வந்தவாசிக்கு அருகிலுள்ள விடாலில் முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரைப் பற்றியது அது. தவத்தோரிடையே பிணக்கு நேர்ந்தபோது, அக்குரத்தியாருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் காவலும் உணவும் அளிப்பதாக ஊரார் பொறுப்பேற்றதை அது தெரிவிக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், நம் வட்டாரத்து ஊரார், கணவரைச் சாராத பெண்களின் வாழ்வுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்றுள்ளனர் என்பது சிறிய செய்தியன்று.

குரத்தியர் அனைவரும் மணமாகாதவர் என்று கூற இயலாது. கைம்மை எய்தியபின் துறந்தாரும், இல்லறம் நடத்திய பின் துறந்தாரும் அவருள் இருந்திருத்தல் கூடும். சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் கண்ணகிக்கும் வழித்துணையாக வரும் கவுந்தியடிகள், மணந்து துறந்தவரா, மணவாமலே துறந்தவரா? காப்பியம் சொல்லவில்லை, அதில் வரும் எவரும் அவரைக் கேட்கவுமில்லை. இன்று பேருந்தில் அருகில் அமரும் பெண்ணிடம் நாம் கேட்கும் முதல் வினா எது என்பதை வாசகரே அறிவர்.

4. நம் மரபில் நேர்ந்த இடைவெளி

இத்தகைய மரபுடைய நாம், மணமாகாத மகளிரை எவ்வாறு நடத்துகிறோம்? துறவு பூண்டால் வணங்குகிறோம். இக்காலத்தில் ஞானமதி மாதாஜி அவர்களின் வரலாற்றையும் அறிவோம். 1934ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் பிறந்து, மணம் வேண்டா என்று இளமையிலேயே விரதம் ஏற்று, 1956இல் ஆர்யிகா தீட்சை பெற்று, அத்தினாபுரத்தில் ஜம்புத்தீப அமைப்பை உருவாக்கியவர் அவர். அத்தகையோர் முன் நாம் தலை வணங்குகிறோம்.

ஆனால், அதே பெண் வெண்துகில் உடுத்தாமல் வண்ணப் புடவை உடுத்தி, அலுவலகமோ பள்ளியோ சென்று, மாலையில் வீடு திரும்பி வாழ்வாளாயின், அவளுக்காக இரக்கப்படுகிறோம். மங்கல நிகழ்ச்சிகளில் ஒதுக்குகிறோம். இரண்டு பெண்களும் மணம் செய்துகொள்ளாதவர்களே. ஒருவரை உயர்வாகவும் மற்றவரைக் குறையாகவும் காண்பது எவ்வாறு பொருந்தும்?

மணமின்மை மட்டுமே விரதமாகிவிடாது என்பது மெய்தான். விரதம் என்பது அறிந்து ஏற்பது. மணமாகாத பெண் எல்லாரும் விரதியாக வாழ வேண்டும் என்று நாம் விதிக்கவும் கூடாது. அவர் சிராவகியாக, அணுவிரதங்களை இயன்ற அளவு கடைப்பிடித்து வாழலாம். சிராவகருக்குரிய பன்னிரு விரதங்களில் எதையும் மணமாகாதவர் ஏற்க இயலாது என்று எந்நூலும் கூறவில்லை. அறம் அவருக்கு அடைக்காத வாயிலை நாம் அடைக்க வேண்டா.

5. காலம் கொணர்ந்த மாற்றங்கள்

குழந்தை மணம் பெருவழக்காயிருந்த காலத்தில் மணமாகாத பெண் என்னும் நிலையே அரிது. 1929இல் இயற்றப்பட்ட சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது; 1978இல் அது பதினெட்டாக உயர்ந்தது. இந்த இடைவெளியில் பெண் பள்ளிக்குச் சென்றாள். படித்தவள் வேலைக்குச் சென்றாள்.

மணமின்றித் தொண்டாற்றிய மகளிரை மக்கள் கண்ணெதிரே கண்டனர். நமக்கு அண்மையிலுள்ள வேலூரில் 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் மணம் செய்துகொள்ளவில்லை. தலைச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்கா சென்று ஆய்ந்து, தாவர மரபியலில் உலகப் புகழ் பெற்ற ஜானகி அம்மாளும் அவ்வாறே. 1977இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. வானிலை அறிவியலில் பெயர் பெற்ற அன்னா மாணியும் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர், மணவாது வாழ்ந்தவர்.

1974இல் வெளிவந்த ‘அவள் ஒரு தொடர்கதை’ திரைப்படம், குடும்பத்தைத் தாங்குவதற்காகத் தன் மணத்தைத் தள்ளிப்போடும் மூத்த மகளின் வாழ்வைக் காட்டியது. அக்காலத்தில் நம்மொத்த ஆசிரியைகள் பலர் அதனைத் தங்கள் கதையாகவே எண்ணினர். தம்பி தங்கையர் படிக்க வேண்டும், அவர்கள் மணம் முடிய வேண்டும் என்று மூத்த மகளின் சம்பளத்தை எதிர்நோக்கிய இல்லங்கள் நம் சமூகத்திலும் இருந்தன. எல்லாம் முடிந்தபின், “இனி இவளுக்கு எங்கே தேடுவது?” என்றனர். நம் சமூகம் சிறியது. சாதகமும் நகையும் வேறு குறுக்கிட்டன.

1991இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரான செல்வி ஜெ. ஜெயலலிதா அவர்களை மக்கள் ‘அம்மா’ என்றே அழைத்தனர். அரசியல் கருத்து எதுவாயினும், மணமாகாத பெண்ணைத் தாய் என்று அழைக்கத் தமிழ்நாடு தயங்கவில்லை என்பதை இங்குக் குறித்தல் தகும்.

அரசின் நோக்கும் மாறியது. 1989இல் ஏழைப் பெண்களின் மணத்துக்கு உதவுவதற்காக மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திட்டம், 2022இல் பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றப்பட்டது. தாலிக்கு அளித்த உதவி கல்லூரிக்குச் சென்றது.

6. சட்டம் கூறுவது

இதனை ஒவ்வொரு இல்லத்தாரும் அறிதல் வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஜைனர்க்கும் உரியது. தமிழ்நாடு 1989இல் கொணர்ந்த திருத்தத்தின்படி, அவ்வாண்டு மார்ச் 25க்கு முன் மணமாகாதிருந்த பெண்மக்களுக்குக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் ஆண்மக்களுக்கு ஒப்பான பங்கு கிடைத்தது. 2005இல் நாடு முழுமைக்குமான திருத்தம் வந்தபோது மணமானவர், ஆகாதவர் என்னும் வேற்றுமை நீங்கியது. தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

மணமாகாத பெண் பிள்ளையைத் தத்து எடுக்கும் உரிமையை 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டமே அளித்துள்ளது. தந்தை மத்திய அரசுப் பணியாளராயிருந்து மறைந்தால், அவரைச் சார்ந்து வாழ்ந்த மணமாகாத மகள் 25 வயதுக்குப் பின்னும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம் என்னும் ஆணை 2007இல் வந்தது. பிள்ளையும் இல்லாத மணமாகாத பெண் உயில் எழுதாமல் மறைந்தால், அவருடைய பொருள் முதலில் பெற்றோருக்கும், அவர் இன்றேல் தந்தையின் வாரிசுகளுக்கும் செல்லும். தம்மை இறுதிவரை காத்த ஒருவருக்கு அளிக்க விரும்பினால் அவர் உயில் எழுதியே ஆக வேண்டும்.

7. நம் இல்லத்தில் நடந்தது

பிறருக்குக் கூறும் முன் நம் குறையைக் கூறுதல் முறை. நம் கணவரின் தங்கை நம்முடனேயே வாழ்பவர். மூன்று இடங்களில் மணம் பேசி நகையினால் நின்றது. 1984இல் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. ஒன்பது ஆண்டுகள் அவரைத் தூக்கி அமர்த்தி உணவூட்டியவர் நம் நாத்தனாரே. நாம் பள்ளிக்குச் சென்றபின் நம் இரு பிள்ளைகளையும் வளர்த்தவரும் அவரே. பின்னர் இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்தனர். “வேண்டா அண்ணி, இனி வேண்டா” என்றார். அத்துடன் அப்பேச்சு முடிந்தது.

மாமனார் மறைந்த மூன்றாம் ஆண்டு, 1996இல், பூர்வீக வீட்டையும் நிலத்தையும் அண்ணன்மார் இருவரும் பங்கிட்டனர். தங்கையிடம் கையொப்பம் வாங்கினர். அவர் படித்துப் பார்க்கவில்லை. “எங்கே அண்ணா போட வேண்டும்?” என்று மட்டுமே கேட்டார். அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். தம் உரிமையை அவர் விட்டுக்கொடுத்தார் என்பது அதன் பொருள். நாம் அருகில்தான் இருந்தோம். அந்தத் தாளில் யாது எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். வகுப்பில் ஆயிரம் பிள்ளைகளுக்கு, “படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதே” என்று சொன்ன நாம், அன்று வாய் திறக்கவில்லை.

2001இல் நம் மகளின் மணம் நடந்தது. ஆரத்தி எடுக்க நாத்தனார் தட்டைக் கையில் எடுத்தார். உறவினர் ஒருவர், “கட்டுக்கழுத்தி யாரேனும் எடுக்கட்டும்” என்றார். நாம் தட்டை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று, மீதமிருந்த பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தார். மணமேடையில் இருந்த மகள் அதனைக் கண்டிருந்தாள். மறுவீட்டுக்கு வந்தபோது, “என்னை வளர்த்தது அத்தை, தட்டைப் பறித்தது நீங்கள்” என்று நம்மிடம் சொன்னாள். மகளிடம் நமக்கு விடை இல்லை.

பணி ஓய்வுக்குப் பின் 2010இல் ஒரு சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பற்றி விளக்கக் கேட்டோம். அன்றிரவு கணவரிடம் பேசினோம். அவரும் அதனைப் பல ஆண்டுகளாக எண்ணியிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டு, நம் பங்கிலிருந்து வீட்டின் ஒரு பகுதியையும் நிலத்தில் அவருக்குரிய அளவையும் தான செட்டில்மென்ட் பத்திரமாக எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தோம். இம்முறை, “முழுவதும் படித்துவிட்டுச் சொல்” என்று கையில் கொடுத்தோம். கண்ணாடியை அணிந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். “இப்போது எதற்கு அண்ணி?” என்றார். சற்றுப் பொறுத்து, “அப்போதே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். கேட்டிருக்கலாம்” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை.

8. அறநூல் கொண்டு அளத்தல்

ஒரு தீவினையைத் தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வாரோடு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக் கட்டுக்குக் காரணம் என்று நம் அறம் கூறுகிறது. இவற்றைக் கிருதம், காரிதம், அனுமோதனை என்பர். பத்திரத்தை எழுதியவர் நாம் அல்லர். எழுதச் சொன்னவரும் அல்லர். வாளாவிருந்தோம். அந்த மௌனமே அனுமோதனை. தட்டை வாங்கியதோ நம் கையே.

கொடாததைக் கொள்ளாமை அணுவிரதங்களுள் ஒன்று. அறியாதவரிடம் பெற்ற கையொப்பம் கொடுத்ததாகுமா? சட்டப்படி ஆகலாம், அறத்தின்படி ஆகாது. எறும்பை மிதிக்காமல் நடக்கும் நாம், நீரை வடிகட்டிப் பருகும் நாம், ஒரு சொல்லினால் ஓர் உயிர் வாடுவதையும் இம்சை என்றே கொள்ளல் வேண்டும்.

9. செய்யத்தக்கவை

முதலாவது, மணம் வேண்டா என்று மகள் கூறினால் காரணத்தைக் கேட்போம். அழுகையாலும் உண்ணாமையாலும் அவளை வளைக்காதிருப்போம். மணம் வேண்டும் என்று விரும்பும் மகளுக்கு வயது கடந்தது என்று கைவிடாதிருப்போம். இரண்டிலும் விருப்பம் அவளுடையது.

இரண்டாவது, சொத்துப் பங்கீட்டில் அவளுக்குரியதை அவள் கேட்குமுன் கணக்கிட்டுச் சொல்வோம். அவள் விட்டுக்கொடுக்க விரும்பினால், அறிந்து விட்டுக்கொடுக்கட்டும்.

மூன்றாவது, பெற்றோரைப் பேணும் பொறுப்பு மணமாகாத மகளுக்கே உரியது என்று ஒதுங்காதிருப்போம். அவளுக்கும் முதுமை உண்டு. அப்போது யார் பேணுவர் என்பதைக் குடும்பத்தார் இப்போதே கூடிப் பேசுவோம்.

நான்காவது, மங்கல நிகழ்ச்சிகளில் முன் நிற்கும் தகுதி அன்பினாலும் வயதினாலும் அமையட்டும். சென்ற ஆண்டு நம் பேத்தியின் மணத்தில் முதல் ஆரத்தியை எடுத்தவர் நம் நாத்தனார். மகள் தானே தட்டைக் கொணர்ந்து கொடுத்தாள். முதலில் மறுத்தார், பின்னர் எடுத்தார். கை சற்றே நடுங்கியது. எவரும் எதுவும் சொல்லவில்லை, காலம் மாறியிருந்தது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பிராமி, சுந்தரி ஆகியோருக்குத் தந்தை அளித்த செல்வம் யாது? நம் பெண்மக்களுக்கு நாம் முதலில் சேர்ப்பது யாது?
2. அனந்தமதியின் தந்தை மகளின் சொல்லை ஏற்றதில் நாம் கற்பது என்ன?
3. கிருதம், காரிதம், அனுமோதனை ஆகியவற்றுக்கு நம் குடும்ப வாழ்விலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.
4. நம் உறவில் மணமாகாது வாழும் அத்தை, சித்தி, பெரியம்மா எவரேனும் உளரா? அவரிடம் கடைசியாக எப்போது, எதைப் பற்றிப் பேசினோம்?

நான்காம் வினாவுக்கு விடையை ஏட்டில் எழுத வேண்டா. அவரிடமே சென்று பேசினால் போதும்.

அறம் வளர்க!